பெட்ரோல் மூடிக்குள் ஒரு மஞ்சள் புள்ளி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு காலையில், கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கொட்டகையின் வாசலில் இரண்டே கதவு வைத்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கார். பார்க்க அழகாக இருந்தது. இதை வைத்து ஒரு கதை எழுதலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

(மேலே உள்ள பத்தியில் குறைந்தது இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஆறாம் பகுதியில் திருத்திக்கொள்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இன்னொரு விஷயம். இன்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு ஒருவர் என் கடைக்கு வருகிறார். அவர் வருவதற்குள் கதையை முடித்துவிட வேண்டும். இப்போது மணி எட்டே கால். கடைப் பெண் இன்னும் வரவில்லை. கண்ணாடி அலமாரிகளை நானே துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2

இதுவரை எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"பெயிண்டர் பொறாமை பிடித்த மனிதர் என்று அவரைப் பார்த்த யாருமே சொல்ல மாட்டார்கள், ஆனால்"

இந்த 'ஆனால்' எனக்கே பிடிக்கவில்லை. கதை தொடங்கும் முன்பே ஆளைக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

"உலகத்தில் எத்தனை மஞ்சள் இருக்கிறது என்று பெயிண்டரைக் கேட்டால் அவர்"

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருடைய தொழிலைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. கார் வாங்க வேண்டும் என்றபோதுதான் அவர் ஞாபகம் வந்தது.

(இத்தனை வருஷப் பழக்கமா? கார் முன்பின் தெரியாதவருடையது என்றல்லவா சொன்னேன். சரி, அந்தப் பொய் இங்கேயே உடைந்துவிட்டது.)

மூன்றாவது தொடக்கம் நின்றது. அதை வைத்துக்கொண்டு போகிறேன்.

3

பெயிண்டர் ஒரு போனட்டின் மேல் குனிந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய சகலை வந்து நின்றார். பெயிண்டரின் மனைவிக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கையின் கணவர். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வீட்டுக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று, கடைக்குப் போய்வரச் சின்னதாக ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு வண்டிகள் வைத்திருந்தார்.

"அண்ணே, மூணாவதா ஒண்ணு பார்க்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு தம்பி? வீட்ல ஆளே நாலு பேருதானே?"

"தேவைக்கு இல்ல, சும்மா ஜாலிக்கு. ஸ்போர்ட்ஸ் கார். புதுசு வேண்டாம், பழசே போதும். நீங்க வந்து பார்த்து ஒண்ணு தேர்ந்தெடுத்துக் கொடுத்தீங்கன்னா கண்ண மூடிட்டு எடுத்துடுவேன்."

பெயிண்டரிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். அதன் பக்கவாட்டு மூடி கழன்று விழாமல் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் கார்களுக்கு நிறம் கொடுத்தவர். வேலை முடிந்ததும் வெயிலில் பளபளப்பு எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரே ஒரு சுற்று ஓட்டுவார், சாவியை உரியவரிடம் கொடுப்பார். அந்த ஒரு சுற்றுதான் அவருக்கு. ஜாலிக்கு என்ற சொல் அவர் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு எரிந்தது.*

"அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துடுவோம்" என்றார்.

* இது நான் வைத்த எரிச்சல். அவர் வயிற்றுக்குள் போய் யார் பார்த்தது? வெளியே தெரிந்ததைச் சொல்ல வேண்டுமானால், அவர் சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு சகலைக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

4

அந்த ஞாயிறு மூன்று வண்டிகள் பார்த்தார்கள்.

முதலாவது கறுப்பு. சகலை அதன் மூக்கையும் சக்கரத்தையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பெயிண்டர் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, காலடி விரிப்பைத் தூக்கி, அடியில் மூக்கை வைத்தார்.

"தண்ணிக்குள்ள நின்ன வண்டி தம்பி. எவ்வளவு சென்ட் அடிச்சாலும் இந்த வாடை போகாது."

இரண்டாவது வெள்ளி நிறம். விற்பவர் வாய் ஓயாமல் பேசினார். பெயிண்டர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் தைத்திருக்கும் துணித்துண்டில் அச்சடித்த வருஷத்தைப் படித்தார். கையை நீட்டி, தலையைப் பின்னால் இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். வண்டி பிறந்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்த பெல்ட் அது.

"பெல்ட்டை மாத்தியிருக்காங்கன்னா பழைய பெல்ட்டுக்கு வேலை வந்திருக்குன்னு அர்த்தம். பலமா எங்கயோ மோதியிருக்கு. வாங்க போலாம்."

வழியில் சகலை சொன்னார்: "அண்ணே, உங்களுக்குக் கிட்டப் பார்வைக்கு ஒண்ணரை பவராவது வேணும். ஒருநாள் வாங்க, பார்த்துடலாம்."

(டைல்ஸ் கடைக்காரருக்கு இது எப்படிப் பட்டென்று தெரிந்தது என்று கேட்காதீர்கள். என் கை சறுக்கிவிட்டது. அழிக்காமல் விடுகிறேன்.)

5

மூன்றாவது, மஞ்சள்.

விற்றவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர் அம்மா. மகளோடு இருக்க வெளிநாடு போகிறார். வண்டியை ஒரு துணி போர்த்தி வைத்திருந்தார். துணியை எடுத்ததும் சகலை தலைகால் புரியாமல் போனார். மேற்கூரை மடங்கிப் பின்னால் போகும். உள்ளே இரண்டே இருக்கை. உட்கார்ந்தால் தரை பக்கத்திலேயே இருக்கும்.

"அஞ்சு வருஷமா என்கிட்ட இருக்கு. ஒரு கீறல் கிடையாது" என்றார் அந்த அம்மா.

பெயிண்டர் வண்டியின் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டை நீளவாக்கில் பார்த்தார். எழுந்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். கதவு, கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு மேலே. அங்கே சத்தம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்தார். மற்ற இடங்களில் பிடித்துக்கொண்ட காந்தம் அங்கே வழுக்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"பின்னாடி இடது பக்கம் அடிபட்டிருக்கு தம்பி. பள்ளத்துல புட்டி பூசி அடைச்சிருக்கு."

"இருக்கவே இருக்காது" என்றார் அந்த அம்மா. முகம் சிவந்துவிட்டது.

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி நடந்ததும்மா. உங்க மேல ஒண்ணும் தப்பில்ல."

சகலைக்கு மனசு கேட்கவில்லை. "வேலை நல்லா செஞ்சிருக்காங்களா அண்ணே? நல்லா இருந்தா எடுத்துடலாமே? எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

பெயிண்டர் பெட்ரோல் ஊற்றும் இடத்தின் மூடியைத் திறந்தார். உள்பக்கம் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. எந்த வண்டிக்கும் கடைசிக் கலவையை அடிக்கும் முன் மூடியின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து, காயவிட்டு, காலைப் பத்து மணி வெயிலில் பார்ப்பது அவர் வழக்கம். அதை அவர் துடைப்பதில்லை. வேறு யாரும் அப்படிச் செய்வதும் இல்லை.

தன் புள்ளியைத் தானே பார்த்தார். எப்போதோ, வேறு யாரோ ஓட்டிய காலத்தில் அவர் கொட்டகைக்கு வந்த வண்டி. உள்ளே இருந்த புட்டி அவர் வைத்தது, மேலே இருந்த மஞ்சள் அவர் கலந்தது. காந்தம் இல்லாவிட்டால் அவரே ஏமாந்திருப்பார், அவ்வளவு சுத்தமான வேலை. அதைச் சகலை ஜாலிக்கு ஓட்டப் போகிறார். மழை பெய்தால் ஓட்ட மாட்டார். மாதத்தில் இரண்டு நாள் எடுப்பார்.

மூடியைச் சாத்தினார்.

"யார் கை வச்ச வேலைன்னு தெரியாம எடுக்கக் கூடாது தம்பி" என்றார்.

அந்த வாக்கியத்தில் பொய்யே இல்லை. நானும் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

சகலை பெருமூச்சு விட்டார். "அண்ணன் சொன்னா சரிதான்" என்றார். துணியைப் போர்த்தத் தானே ஒரு கை கொடுத்தார்.

6

சகலை நான்தான்.

டைல்ஸ் கடை கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணையும் நானே சோதித்து எழுதிக் கொடுப்பேன், அதற்குப் படித்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் பார்க்கிற ஆள். அன்று என் பக்கத்தில் நின்ற மனிதரின் கண்ணைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் வெளிப்பக்கம்.

இப்போது முதல் பத்தியைத் திருத்துகிறேன். போன மாதம் அண்ணனின் கொட்டகை வாசலில் அந்த மஞ்சள் கார் நின்றது. முன்பின் தெரியாதவருடையது அல்ல, அண்ணனுடையது. அழகாக இருந்தது என்பதும் போதாது. ஓட்டும் இடத்தில் அண்ணி, பக்கத்தில் என் மனைவி. கூரையை மடக்கிவிட்டு அக்காவும் தங்கையும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் ஏழு பேர் வண்டியில் ஏழு பேர் ஏறிய நாளில்கூட அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

"வாங்க தம்பி" என்று அண்ணன் ஸ்டூல் போட்டார். "அந்தம்மா திரும்பக் கூப்பிட்டாங்க. ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள யாராவது எடுத்தா போதும்னாங்க. ஸ்கூட்டரும் படுத்துடுச்சு. சரி, சும்மா கிடக்குதேன்னு எடுத்துட்டேன்."

"அந்தப் புட்டி?"

"எனக்கென்ன, நான் பார்த்துக்குவேன்."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி சொன்னாள்: "அத்தான் என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போனாரு, கியர் மாத்தறதே தெரியலங்க. தண்ணி மேல போற மாதிரி இருக்கு. நீங்களும் இருக்கீங்களே, மூணாவது கியருக்குப் போறதுக்குள்ள எனக்குக் கழுத்து சுளுக்கிடுது."

எனக்குக் காதில் புகை வந்தது. இரண்டு வண்டி வைத்திருக்கிறவன் ஒரே வண்டி வைத்திருக்கிற மனிதரைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார்.

7

அந்தப் புள்ளி எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். போன வாரம் அண்ணன் என்னை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் இறங்கி மூடியைத் திறந்தேன். புள்ளி.

பல வருஷங்களுக்கு முன் ஒரு குடும்ப விருந்தில் அவரே இந்தப் புள்ளி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "நான் கையெழுத்துப் போடறது அங்கதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் மறந்துவிட்டேன். அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. பெட்ரோல் போடுகிறவர், "சார், கொஞ்சம் தள்ளுங்க" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

8

இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

புள்ளியைப் பார்த்தும் அவர் ஏன் சொல்லவில்லை? ஒருவேளை தொழில் மரியாதை. யாருடைய வண்டி எங்கே இடித்தது என்று அவர் வெளியே சொல்லிக் கேட்டதில்லை. ஒருவேளை கூச்சம். தன் வேலையைத் தானே நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை பயம். நாளைக்கு ஒரு விரிசல் விட்டால் குடும்பத்துக்குள் பேச்சு வரும். மூன்றும் நல்ல மனிதருக்கு வரக்கூடிய காரணங்கள். மூன்றையும் ஒதுக்கிவிட்டு நான் அவருக்குப் பொறாமையைக் கொடுத்தேன். என்னிடம் கைவசம் இருந்தது அதுதான்.

(மஞ்சள் வண்டியை இருபது அடி தூரத்திலிருந்தே அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காதா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். அப்படியானால் தட்டியதும் காந்தம் வைத்ததும் எனக்காகப் போட்ட நாடகம். அந்த வழியில் நான் கதையைக் கொண்டுபோகவில்லை. போனால் என்னால் அவர் வீட்டில் மறுபடி உட்கார்ந்து பேச முடியாது.)

முடிவுகளைப் பற்றி.

முடிவு ஒன்று: மழை. வளைவு. மஞ்சள் கார் வழுக்கி... எழுதினேன், உண்மைதான். முக்கால் பக்கம் எழுதினேன். பக்கத்து இருக்கையில் யாரை உட்கார வைப்பது என்று யோசித்தபோது கை நின்றது. அந்தத் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்தேன்.

முடிவு இரண்டு: குடும்பம் முழுக்கச் சுற்றி நிற்கும்போது பின் இடது பக்கப் புட்டி வெடித்துப் பெயர்கிறது. அண்ணன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் ஒரு வார்த்தை கேட்கிறேன். இதுவும் நடக்கவில்லை. அவர் வைத்த புட்டி பெயராது. என் கதைக்குள்ளேயே பெயர மறுக்கிறது.

முடிவு மூன்று: அண்ணன் தானாகவே வந்து, தம்பி, அன்னைக்கு நான் உங்ககிட்ட

கடை மணி அடிக்கிறது. பதினொன்று ஆகிவிட்டது. அவர் சொன்ன நேரத்துக்கு வருகிறவர்.

9

இது பதினொன்றரைக்கு எழுதுவது.

கிட்டப் பார்வைக் கண்ணாடிக்காகத்தான் அண்ணன் வந்தார். ஒன்றே முக்கால் பவர். வண்டியை வாசலில் என் சின்ன வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கடைப் பெண் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

சோதனை அறையில் விளக்கை அணைத்தேன். தாடையைக் கருவியின் பலகையில் வைக்கச் சொன்னேன், நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொன்னேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை. அவர் மூச்சில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசம் அடித்தது.

"தம்பி" என்றார். "அந்த வண்டி விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..."

"பேசாதீங்க அண்ணே. தாடை அசையக் கூடாது."

வாயை மூடிக்கொண்டார். சொன்னால் கேட்கிற மனிதர்.

தாடை அசையக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஒரு நிமிஷம் பொறுத்து, சொல்லுங்க அண்ணே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் சொல்லிவிட்டால் நான் மன்னிக்க வேண்டியிருக்கும். மன்னித்துவிட்டால் இத்தனை நாள் வளர்த்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதைக் கைவிட எனக்கு மனசில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

வலது கண் சுத்தம். இடது கண்ணின் ஓரத்தில் ஒரு மங்கல் இருந்தது. கண் புரையின் ஆரம்பம்.

10

இப்போது அவர் வெளியே கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு பிரேமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தடித்த பிரேமைப் போட்டுக் கடைப் பெண்ணைச் சிரிக்க வைக்கிறார். "சீட்டு எழுதிட்டு வந்துடறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தவன், சீட்டை எழுதி முடிக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சீட்டில் ஒரு வரி எழுதியாகிவிட்டது. 'இடது கண்: புரை, ஆரம்ப நிலை.' அதில் பொய்யே இல்லை. எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் அதைத்தான் சொல்வார்.

இரண்டாவது வரி இன்னும் எழுதவில்லை. அதில் எழுத வேண்டியது இது: இந்த வயதில் நிறையப் பேருக்கு இருப்பதுதான். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும். வண்டி ஓட்டலாம். நிறம் பார்க்கலாம்.

இரண்டாவது வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணை நம்பிப் பிழைக்கிற மனிதர். மஞ்சளுக்கும் அடுத்த மஞ்சளுக்கும் வித்தியாசம் பார்த்துச் சாப்பிடுகிறவர். புரை என்ற ஒரு சொல் போதும். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார். தம்பி படித்தவர், தம்பி சொன்னால் சரி என்று போய்விடுவார். முதல் வேலையாக அந்த வண்டிக்குத் துணி போர்த்துவார், பிறகு யாருக்காவது கொடுத்துவிடுவார். எனக்கே கொடுத்தாலும் கொடுப்பார்.

அவர் மூடியைச் சாத்த எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று ஐந்தாம் பகுதியில் நான் எழுதவில்லை. டக்கென்று சாத்தியதாகத்தான் மனதில் வைத்திருந்தேன். இப்போது தெரிகிறது. அது நீளமான நேரம்.

முடிவு மூன்றைப் பாதியில் விட்டிருக்கிறேன். அதை முடிக்க வேண்டியவர் அவர் என்றுதான் இன்று காலை வரை நினைத்தேன்.

"என்ன தம்பி, ரொம்ப நேரமா எழுதறீங்க?" வெளியிலிருந்து அவர் குரல். அரைக் கதவுக்கு மேல் அவர் தலை தெரிகிறது. நான் கொடுத்த சோதனைக் கண்ணாடியை மறுபடி போட்டிருக்கிறார். அதில் அவர் கண்கள் இரண்டும் பெரிதாகத் தெரிகின்றன. "கண்ணுல ஏதாவது இருக்கா?"

"இருக்கு அண்ணே" என்கிறேன். "உள்ள வாங்க, உட்காருங்க. இடது கண்ணுல